நாய்க்கு எத்தனை கலோரி: தீவனப் பை அட்டவணையா, சூத்திரமா, கைவிரலா?

எங்கள் வீட்டு லாப்ரடார் 36 கிலோ. 30 கிலோதான் இருக்கவேண்டும் என்றார் மருத்துவர். எவ்வளவு உணவு வைப்பது என்று கணக்கிட உட்கார்ந்தால், வழிக்கு ஒரு விடை வந்தது.

தீவனப் பையின் பின்புற அட்டவணை எளிது. எடைக்கு நேரே கிராம் போட்டிருக்கும். ஆனால் கருத்தடை ஆனதா, நாள் முழுக்கக் கூடத்தில் படுத்தே கிடக்கிறதா என்று பை கேட்பதில்லை. பருத்த நாய்க்குப் பருத்த எடைக்கே படி அளக்கிறது. அதை நான் ஏற்க மாட்டேன்.

சுருக்கச் சூத்திரம்: எடையை 30 ஆல் பெருக்கி 70 கூட்டினால், ஓய்வாக இருக்கும்போது ஒரு நாளைக்குத் தேவைப்படும் கலோரி வரும். முழுச் சூத்திரம்: எடையை அதே எடையால் இருமுறை பெருக்கி (எடை × எடை × எடை), கால்குலேட்டரில் வர்க்கமூலத்தை இருமுறை அழுத்தி, 70 ஆல் பெருக்கவேண்டும். 18 கிலோ நாட்டு நாய்க்குச் சுருக்கம் 610, முழுச் சூத்திரம் 612, வேறுபாடே இல்லை. 60 கிலோ கிரேட் டேனுக்கோ 1870, 1509! உடல் பெருக்கும் வேகத்தில் ஆற்றல் தேவை பெருகுவதில்லை. 1932 இல் விஞ்ஞானி மாக்ஸ் கிளைபர் காட்டிய உண்மை இது. 45 கிலோவுக்கு மேல் சுருக்கத்தை நம்பாதீர்கள்.

முழு நாளின் தேவையை அறிய, வந்த விடையைக் கருத்தடை செய்த நாய்க்கு 1.6 ஆலும், செய்யாததற்கு 1.8 ஆலும், நான்கு மாதத்துக்கு உட்பட்ட குட்டிக்கு 3 ஆலும் பெருக்குவார்கள். நான் தடுக்கிய இடம் இதுதான். 36 கிலோவுக்கு முழுச் சூத்திரம் தந்த விடையை 1.6 ஆல் பெருக்கியபோது 1646 வந்தது. எடை குறைக்கவேண்டிய நாய்க்கோ, இருக்கவேண்டிய எடையின் ஓய்வுத் தேவையே போதும்: 897. ஏறக்குறையப் பாதி!

அதுவும் தொடக்கப் புள்ளிதான். ஒரே எடையுள்ள இரு நாய்களின் தேவை வெகுவாக வேறுபடலாம். ஆகவே கைவிரலுக்கே என் வாக்கு. விலாவைத் தடவும்போது புறங்கை எலும்பைத் தடவுவதுபோல் இருந்தால் சரியான உடல். உள்ளங்கைபோல் மெத்தென்றிருந்தால் கொழுப்பு. மடக்கிய முட்டிபோல் புடைத்திருந்தால் மெலிவு. எங்கள் நாயின் விலாவைத் தேடிக் கண்டுபிடிக்கவேண்டியிருந்தது.

மாலைத் தேநீரோடு போடும் மாரி பிஸ்கட்டும் கணக்கில் சேரும். ஒன்றில் 20 கலோரிக்குக் குறையாது. தின்பண்டம் நாளின் கலோரியில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக்கூடாது. மீதியைச் சமையலறைத் தராசில் கிராமாக நிறுக்கிறேன்; டம்ளர் ஒரு நாள் குவியும், மறுநாள் தட்டையாகும். எங்கள் தீவனத்தில் 100 கிராமுக்கு 360 கலோரி. ஒரு நாளைக்கு 224 கிராம். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை மருத்துவரின் தரைத் தராசில் ஏற்றுகிறோம். வாரத்துக்கு 360 முதல் 720 கிராம் வரை இறங்கினால் அளவை மாற்றுவதில்லை.