‘திருப்பூர் ஆபீஸ் காதல்’ என்று விற்கிற நாவலுக்குப் பணம் கட்டும் முன்

பனியன் கம்பெனியில், ஆர்டர்களை ஆரம்பம் முதல் அனுப்பும்வரை கவனித்துக்கொள்ளும் மெர்ச்சண்டைசராக இருக்கிறேன். எங்கள் ஊர் எக்ஸ்போர்ட் ஆபீஸில் நடக்கும் காதல் கதை என்று ஒரு நாவலின் விளம்பரம் கண்ணில் பட்டதும் ஆசையாக முன்பதிவு செய்தேன். விலை 380 ரூபாய். பதிப்பகத்தின் பெயரைச் சொல்லப் போவதில்லை. ஆனால் இதே பாணி விளம்பரம் வேறு சில புத்தகங்களுக்கும் ஓடுகிறது, அதனால்தான் எழுதுகிறேன்.

கதை முடியவே இல்லை. நாயகி ராஜினாமாக் கடிதத்தோடு எம்.டி. அறை வாசலில் நிற்கிறாள், கீழே ‘இரண்டாம் பாகத்தில் சந்திப்போம்’ என்று போட்டு முடித்துவிட்டார்கள். அட்டையிலும் விளம்பரத்திலும் ‘முதல் பாகம்’ என்று எங்கேயும் இல்லை. போன் போட்டுக் கேட்டால், “பிரிச்ச புக்கை ரிட்டர்ன் எடுக்கறதில்லைங்க” என்று வைத்துவிட்டார்கள். பிரிக்காமல் கடைசிப் பக்கத்தை எப்படிப் பார்ப்பது? நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் பதிந்திருக்கிறேன். உங்களுக்கும் இப்படி ஆகியிருந்தால் விளம்பரத்தின் ஸ்கிரீன்ஷாட்டையும் பணம் கட்டிய ரசீதையும் அழிக்காமல் வைத்திருங்கள்.

பணம்கூடப் பெரிசில்லை. உள்ளே ஆபீஸே இல்லை என்பதுதான் எனக்கு ஆறவில்லை. கண்ணாடிக் கட்டடம், காபி மெஷின், ஹை ஹீல்ஸ். திருப்பூர் என்ற பெயரை எடுத்துவிட்டு எந்த ஊர்ப் பெயரைப் போட்டாலும் கதை அப்படியே ஓடும். ஒரு இடத்தில் இரண்டு பேரும் மொட்டை மாடியில் நிலா வெளிச்சத்தில் துணியின் கலரைப் பார்த்து ஓகே செய்கிறார்கள். அதற்கு மேல் அந்த அத்தியாயத்தைப் படிக்க மனசு வரவில்லை.

டையிங்கிலிருந்து லேப் டிப், அதாவது கலர் சரிதானா என்று பார்க்கச் சாயமேற்றி அனுப்பும் மாதிரித் துணி, வந்தால் ஏ, பி, சி என்று சின்னச் சின்னத் துண்டுகளாக வரும். பலவகை விளக்குகள் உள்ள லைட் பாக்ஸுக்குள் வைத்து, பகல் வெளிச்சத்துக்கு டி65, கடை வெளிச்சத்துக்கு டிஎல்84 என்று விளக்கை மாற்றி மாற்றிப் பார்ப்போம். ஒரு விளக்கில் ஒத்துப்போகிற நீலம் அடுத்த விளக்கில் ஊதா அடிக்கும். “பி கொஞ்சம் செகப்படிக்குதுங்க”, “இல்லீங்க, சி-தான் டல்லா இருக்குது” என்று இரண்டு பேர் தலையைச் சேர்த்து வைத்துப் பார்க்கிற அந்த நேரத்தில் எவ்வளவு கதை இருக்கிறது! ஷிப்மென்ட் ராத்திரி இருக்கிறது. தூத்துக்குடிக்கு வண்டி கிளம்பியாக வேண்டும், தவறினால் விமானத்தில் அனுப்புகிற ஏர் ஃபிரைட் செலவு கம்பெனி தலையில். பேக்கிங்கில் ஆள் போதாமல் ஆபீஸ் ஆட்களும் இறங்கி அட்டைப்பெட்டிக்கு டேப் ஒட்டுவார்கள். அங்கே யார் யாருக்கு டீ எடுத்து வைக்கிறார்கள் என்று பார்த்திருந்தால் போதும், நல்ல நாவல் வந்திருக்கும். வேலையைத் தெரிந்துகொள்ளாமல் ஆபீஸ் காதலை எழுத முடியாது.

பேச்சும் அப்படித்தான். எல்லோர் வாயிலும் சினிமாவில் வருகிற ‘ஏனுங்கோ’. ஆனால் நாயகனான எம்.டி. மட்டும் நாயகியை எல்லோர் முன்னாலும் “ஏய்” என்கிறான். எனக்குத் தெரிந்த முதலாளிகள் செக்கிங்கில் இருக்கும் பெண்ணைக்கூட “அம்மணி, வாங்க” என்றுதான் கூப்பிடுவார்கள்.

அந்த எம்.டி. அவளுடைய லீவை ரத்து செய்கிறான், போனைப் பிடுங்கிப் பார்க்கிறான், அறைக் கதவைப் பூட்டி மன்னிப்புக் கேட்க வைக்கிறான். இதையெல்லாம் நாவல் காதல் என்கிறது. எங்கள் சாம்பிள் செக்ஷன் பெண்கள் இந்த மாதிரிப் புத்தகங்களைக் கைமாற்றிப் படிப்பவர்கள். அவர்களில் பலர் வெளியூரிலிருந்து வந்து ஹாஸ்டலில் தங்கியிருப்பவர்கள். பணியிடப் பாலியல் துன்புறுத்தலுக்கு எதிராக 2013-லேயே சட்டம் வந்துவிட்டது. பத்துப் பேர் அல்லது அதற்கு மேல் வேலை பார்க்கும் இடத்தில் உள்ளகப் புகார்க் குழு இருக்க வேண்டும், நடந்து மூன்று மாதத்துக்குள் புகார் கொடுக்கலாம். நாவலில் இப்படி ஒரு குழுவைப் பற்றி யாரும் மூச்சுக்கூட விடவில்லை. அவள் அழுகிறாள், அப்புறம் அவன்மேல் ஆசைப்படுகிறாள்.

இப்போது இரண்டாம் பாகத்துக்கு முன்பதிவு தொடங்கியிருக்கிறது, அதே 380 ரூபாய்க்கு. வாங்கத்தான் போகிறீர்கள் என்றால், கதை இதில் முடிகிறதா, மொத்தம் எத்தனை பாகம் என்று வாட்ஸ்அப்பில் எழுத்தாகக் கேட்டு, பதில் வந்த பிறகு பணம் கட்டுங்கள். நான் கேட்டிருக்கிறேன், இன்னும் பதில் வரவில்லை.