ஓய்வூதியக் கட்டணம்: சட்ட வரம்பா, ஆணையத்தின் முடிவா?

2004-இல் இருந்து ரயில்வேயில் சேர்ந்த மயிலாடுதுறை, திருவாரூர்க்காரர்கள் பலரின் ஓய்வூதியப் பணம் என்பிஎஸ் என்ற தேசிய ஓய்வூதியத் திட்டத்தில் இருக்கிறது. அந்தப் பணத்தை முதலீடு செய்து நிர்வகிக்கும் நிறுவனங்கள் ஆண்டுதோறும் எடுக்கும் மேலாண்மைக் கட்டணத்தை, ஓய்வூதிய நிதிகளை ஒழுங்குபடுத்தும் பிஎஃப்ஆர்டிஏ ஆணையம்தான் வகுக்கிறது.

2009-இல் தனியார் சந்தாதாரர்களுக்கு அது 0.0009 சதவீதம். நிர்வகிக்கும் தொகைக்கு ஏற்ப மாறும் 2021 அடுக்குமுறையில் உச்சம் 0.09 சதவீதம். நூறு மடங்கு! இன்னும் மலிவுதான், சரி. ஆனால் ஏற்றுவதற்கு ஆணையத்தின் முடிவு போதும். சட்டத்தில் வரம்பு இருந்தால் நாடாளுமன்றத்தில் பேசித்தான் ஏற்ற வேண்டும்.

கணக்குப் போடுங்கள்: 10 லட்சம் ஆண்டுக்கு 8 சதவீதம் வளர்ந்தால் 30 ஆண்டில் சுமார் 1 கோடி. கட்டணம் ஆண்டுக்கு 1 சதவீதம் தின்றால் சுமார் 76 லட்சம்தான்.

கட்டணத்தை ரொம்ப இறுக்கினால் திறமையான நிறுவனங்கள் ஒதுங்கலாம். அதனால் உச்சத்தைச் சட்டம் வைக்கட்டும், அதற்குள் ஆணையம் குறைக்கட்டும் என்பேன்.