நிலையான கூடமா, பள்ளிக்குச் செல்லும் பெட்டியா?

உலகப் பண்பாடுகளைக் குழந்தைகள் தொட்டுப் பார்த்து அறிய நீலகிரியில் ஏற்பாடு செய்ய நினைப்பவர்கள், உதகையில் நிலையான கூடம் அமைப்பதா, பள்ளிகளைச் சுற்றிவரும் பொருட்பெட்டிகளைத் தயாரிப்பதா என்று முதலில் முடிவு செய்தாக வேண்டும்.

கூடத்தின் பலம் இடவசதி. பாஸ்டன் குழந்தைகள் அருங்காட்சியகத்தில், கியோட்டோ நகரம் அன்பளிப்பாக அளித்த பட்டு வணிகரின் வீடே நிறுவப்பட்டுள்ளது. காலணியைக் கழற்றிவிட்டு உள்ளே நுழையும் அந்த அனுபவத்தை (நம் வீட்டுப் பழக்கமும் அதுதானே) எந்தப் பெட்டியிலும் அடைக்க முடியாது. ஆனால் கூடலூரிலிருந்து உதகைக்கு ஏறத்தாழ 50 கிலோமீட்டர் மலைப்பாதை. சிறிய பள்ளிகளுக்கு வண்டி வாடகையே பெருஞ்சுமை. அப்படியானால் கூடத்தின் பயன் பெரும்பாலும் உதகைப் பிள்ளைகளோடும் சுற்றுலாப் பயணிகளோடும் நின்றுவிடும்.

பெட்டியோ வகுப்பறையிலேயே சில நாள் தங்கும். 2013-இல் புவிசார் குறியீடு பெற்ற தோடர் பூத்தையலையும் பாலஸ்தீனப் பெண்களின் குறுக்குத்தையலையும் அருகருகே விரித்து வைத்தால், இரண்டுமே துணியின் இழைகளை எண்ணித் தைக்கப்படுபவை என்பதைக் குழந்தை விரலாலேயே கண்டுகொள்ளும். தோடர் துணியைத் திருப்பிப் பார்த்தால் மறுபக்கமும் உடுத்தத்தக்க அழகோடு இருக்கும். உள்ளூர்ப் பொருளிலிருந்து உலகத்துக்குச் செல்லும் இவ்வழி எனக்குச் சரியாகப் படுகிறது.

பெட்டியிலும் தொல்லை உண்டு: மழைக்கால ஈரத்தில் துணியும் தோலும் பூஞ்சை பிடிக்கும், மட்பாண்டங்கள் உடையும். இருப்பினும் முதல் நிதியைப் பெட்டிகளுக்கே ஒதுக்குவேன். அசல்களைத் தவிர்த்து, கைவினைஞர்களிடமே புதிதாகச் செய்து வாங்கினால், உடைந்ததை மாற்றுவதும் எளிது, அவர்களுக்கு வருமானமும் கிடைக்கும்.