தான்சானியாவில் 2 வருட வாத்தியார் வேலை: பீஸ் கார்ப்ஸ் எப்படி?

பணம் கட்டினால் 2 வாரத்துக்கு ஆப்பிரிக்கக் கிராமப் பள்ளியில் பாடம் நடத்த அனுப்பும் ஏஜென்சிகள் ஏராளம். பிள்ளைகளின் பெயர் மனதில் பதிவதற்குள் ஊர் திரும்பிவிடும் ஆளால் அந்தப் பள்ளிக்கு ஒரு பயனும் இல்லை. வெளிநாடுகளுக்குத் தன்னார்வலர்களை அனுப்பும் அமெரிக்க அரசின் பீஸ் கார்ப்ஸ் திட்டம், 1961 முதல் நடப்பது, 27 மாதம்: 3 மாதப் பயிற்சி, பிறகு 2 வருடம் ஒரே ஊரில் வேலை. விண்ணப்பிக்கக் கட்டணம் இல்லை. விமானச் செலவு, மருத்துவம், உள்ளூர் மக்களைப் போல வாழப் போதுமான உதவித்தொகை, எல்லாம் அவர்கள் பொறுப்பு. முடித்துத் திரும்பும்போது 10,000 டாலருக்கு மேல் தருகிறார்கள். அமெரிக்கக் குடியுரிமை கட்டாயம். கிரீன் கார்டு போதாது.

பெரிய பலம் அந்த 3 மாதப் பயிற்சிதான். உள்ளூர்க் குடும்பத்தோடு தங்கி, தினமும் அந்த நாட்டு மொழியான சுவாஹிலி படிக்க வேண்டும். தான்சானிய உயர்நிலைப் பள்ளிகளுக்குக் கணக்கும் அறிவியலும் நடத்தப் போகிறவர்கள் இதில் அசட்டையாக இருந்தால் பிறகு தவிப்பார்கள். காரணம் இருக்கிறது. அங்கே அரசுத் தொடக்கப் பள்ளியில் 7 வருடம் எல்லாப் பாடமும் சுவாஹிலியில். அடுத்த வருடம் உயர்நிலைப் பள்ளியின் முதல் வகுப்பான ஃபார்ம் 1-க்குப் போனதும் புத்தகம், தேர்வு எல்லாம் ஆங்கிலம். நன்றாகப் படித்த பிள்ளைகூட வாயடைத்து நிற்கும்.

இதற்குக் கரும்பலகையில் ஒரு வழி உண்டு. இடது ஓரத்தில் ஒரு முழம் அகலத்துக்குக் கோடு போட்டு, அன்றைய பாடத்தின் 5 அல்லது 6 சொற்களை ஆங்கிலத்திலும் சுவாஹிலியிலும் எழுதி, வகுப்பு முடியும்வரை அழிக்காமல் வைக்க வேண்டும். புத்தகம் பற்றாத வகுப்பில் நோட்டில் எழுதிக்கொள்வதுதான் பாடப்புத்தகம். சில சொற்களில் கூடுதல் கவனம் தேவை. 'உஸிதோ' என்றால் பேச்சில் நிறையும் அதுதான், எடையும் அதுதான். நாம் கடையில் எல்லாவற்றையும் எடை என்றே சொல்வதைப் போல. மொழிபெயர்த்துவிட்டு நகர்ந்தால் குழப்பம் தேர்வு வரை தொடரும். 1 கிலோ சர்க்கரையைக் காட்டி, நிலாவிலும் நிறை 1 கிலோதான், எடை மட்டும் சுமார் 10 நியூட்டனிலிருந்து 1.6 ஆகக் குறையும் என்று எழுதிப் போட்டால் நிற்கும்.

"ம்மேலேவா?" (புரிந்ததா?) என்று கேட்கவே கூடாது. மரியாதைக்காக வகுப்பு மொத்தமும் "ந்தியோ" என்று தலையாட்டும். விடையை விரல்களால் காட்டச் சொல்லுங்கள்; யாருக்குப் புரியவில்லை என்பது ஒரே பார்வையில் தெரிந்துவிடும்.

ஆய்வகம் இல்லையே என்று உட்கார வேண்டாம். செம்பருத்தி இதழ் ஒரு கைப்பிடியை வெந்நீரில் 10 நிமிடம் ஊறவைத்து வடிகட்டினால், அமிலமா காரமா என்று நிறம் மாறிக் காட்டும் நிறங்காட்டி தயார். எலுமிச்சைச் சாற்றில் சிவக்கும், சாம்பல் கரைத்துத் தெளிந்த நீரில் பச்சையாகும். அன்றன்றைக்குச் செய்யுங்கள், பழசானால் நிறம் மங்கிவிடும்.

கட்டுப்பாடுகள் அதிகம். வண்டி ஓட்டக் கூடாது, மோட்டார் சைக்கிளின் பின்சீட்டும் பொதுவாகத் தடை. மலேரியா மாத்திரையை விட்டுவிட்டால் வீட்டுக்கு அனுப்பவும் செய்வார்கள். விடுப்பு மாதத்துக்கு 2 நாள். மருத்துவ, காவல் சரிபார்ப்புகளும் சேர்ந்து, விண்ணப்பித்ததிலிருந்து கிளம்புவதற்குள் ஒரு வருடம்வரை ஆகலாம். வேலையை அவசரப்பட்டு விடாதீர்கள்.

உண்மையான குறை வேறு. 2020 மார்ச்சில், கொரோனாவால், உலகெங்கும் இருந்த சுமார் 7,000 பேரையும் ஒரேயடியாகத் திரும்ப அழைத்தார்கள். அப்படி நடக்கும்போதும் சரி, 2 வருடம் முடியும்போதும் சரி, பாடம் பாதியில் நிற்பது பிள்ளைகளுக்குத்தான். அதனால் முதல் பருவத்திலிருந்தே உள்ளூர் ஆசிரியர் ஒருவரோடு சேர்ந்தே பாடம் நடத்துங்கள். பாடக்குறிப்பு நோட்டு, சொற்பட்டியல், ஆய்வகப் பாட்டில்கள் எல்லாம் அவர் அலமாரியிலேயே இருக்கட்டும்.