ஹாட்டுக்கு ஆப்போசிட் ஐஸ்கிரீம்: ஒரு கார்டு டப்பாவோடு இரண்டரை வருஷம்

மகளுக்கு மூன்று வயது முடிந்த கையோடு, 2023 நவம்பரில், ஆன்லைனில் ஒரு ஆப்போசிட்ஸ் கார்டு டப்பா வாங்கினேன். 299 ரூபாய். 64 அட்டைகள், அதாவது 32 ஜோடி. ஒவ்வொரு அட்டையின் ஓரமும் வளைத்து வெட்டியிருக்கும், சரியான ஜோடி மட்டும்தான் ஒன்றோடொன்று பொருந்தும். கம்பெனிப் பெயர் வேண்டாம், கடையில் கிடைக்கிற முக்கால்வாசி டப்பாக்கள் இதே மாதிரிதான். இப்போது அவளுக்கு ஐந்தரை வயது, ஜூனில் ஒன்றாம் வகுப்பு. வாங்கிய வாரமே ஐந்து நட்சத்திரம் போட்டவர்களை நம்பித்தான் நானும் வாங்கினேன், அதனால் இவ்வளவு நாள் புழங்கிய பிறகு எழுதுகிற ஒன்றும் இருக்கட்டுமே என்றுதான் இது.

முதல் இரண்டு மாதம் அமோகம். பிக் என்றால் ஸ்மால், அப் என்றால் டவுன், ஹாட் என்றால் கோல்ட் என்று மூச்சு விடாமல் சொல்வாள். வீட்டுக்கு யார் வந்தாலும் ஒரு சுற்று ஒப்பிக்க வைத்துவிட்டுத்தான் காபியே கொடுப்போம். 64 அட்டையையும் தரையில் கொட்டினால் கால் மணி நேரத்தில் சேர்த்து வைத்துவிடுவாள், எனக்கு ஒரே பெருமை.

அப்புறம் ஒரு நாள் சாப்பிடும்போது ரசத்தைக் காட்டி, இது ஹாட், இதுக்கு ஆப்போசிட் என்ன என்று சும்மா கேட்டேன். ஐஸ்கிரீம் என்றாள். கோல்ட் அட்டையில் இருப்பது ஐஸ்கிரீம் படம், அவள் மேல் தப்பே இல்லை. எனக்குச் சந்தேகம் வந்து அன்று ராத்திரி ஒரு வேலை செய்தேன். பத்து ஜோடியை எடுத்து, படம் தெரியாமல் கவிழ்த்துப் போட்டு, சேர்த்து வை பார்ப்போம் என்றேன். வெள்ளை முதுகை மட்டும் பார்த்துக்கொண்டே பத்தையும் சேர்த்துவிட்டாள்! வெட்டின ஓரத்தைப் பார்த்துத்தான் இவ்வளவு நாளும் சேர்த்திருக்கிறாள். பிள்ளை தானே திருத்திக்கொள்ளும் என்று டப்பாவில் பெரிதாகப் போட்டிருந்த அந்த வசதிதான் உண்மையில் இந்தச் சாமானின் பெரிய குறை. மறுநாளே கத்தரியை எடுத்து எல்லா ஓரங்களையும் நேராக வெட்டினேன். அதற்குப் பிறகு சேர்க்க முடிந்தது ஆறோ ஏழோ ஜோடிதான்.

சரி, அப்போ எப்படித்தான் சொல்லிக் கொடுப்பது? எங்கள் வீட்டில் அதற்கு வழி காட்டியது குளியலறை வாளி. அத்தை கொதிக்கக் கொதிக்க வெந்நீரை ஊற்றிப் பச்சைத்தண்ணீர் விளாவும்போது இவள் பக்கத்தில் நின்று விரலை விடுவாள். சுட்டது என்று வெடுக்கென்று எடுப்பாள், ஹாட். ஒரு செம்பு பச்சைத்தண்ணீர், மறுபடி விரல், இன்னும் ஹாட். மூன்றாவது செம்புக்கு அவளே, நாட் ஹாட் என்றாள். அப்போ கோல்டா என்று கேட்டேன். கொஞ்ச நேரம் கையை உள்ளேயே வைத்திருந்துவிட்டு இல்லை என்று தலையாட்டினாள். வெதுவெதுப்பாக இருக்கும் தண்ணீர் சூடும் இல்லை, ஜில்லென்றும் இல்லை என்பது அவளுக்குக் கையில் தெரிந்துவிட்டது, வார்ம் என்ற சொல்லை நான் கொடுத்ததோடு சரி. அதே குளியலறையில் லைட் சுவிட்ச் வேறு மாதிரி. ஆன் இல்லை என்றால் ஆஃப்தான், நடுவில் விளாவ எதுவும் கிடையாது. டெட், அலைவ் என்பதும் அந்த வகைதான் (செத்த கரப்பான்பூச்சியை வைத்துப் படித்தது, விவரம் வேண்டாம்). கார்டு டப்பாவில் இந்த இரண்டு வகையும் ஒன்றாகக் கலந்து கிடக்கும்.

மோர், லெஸ் எங்களை நிறைய நாள் அலைய விட்டது. இரண்டு கிண்ணத்தில் பொரி போட்டு எதில் லெஸ் என்றால் நிறைய இருக்கும் கிண்ணத்தையே காட்டுவாள், ஒரு தடவை இல்லை, பத்து தடவை. இது என்ன கூத்து என்று தேடிப் படித்தபோதுதான் தெரிந்தது, 1968இலேயே மார்கரெட் டொனால்ட்சன், ஜார்ஜ் பால்ஃபோர் என்ற இரண்டு ஆய்வாளர்கள் அட்டையில் செய்த மரங்களில் ஆப்பிளை மாட்டி, மூன்றரை நான்கு வயதுப் பிள்ளைகளிடம் எந்த மரத்தில் லெஸ் என்று கேட்டிருக்கிறார்கள், பெரும்பாலான பிள்ளைகள் நிறைய இருக்கும் மரத்தைக் காட்டியிருக்கின்றன. ஆங்கிலமே வீட்டு மொழியாக இருக்கும் பிள்ளைகள்! பின்னால் வந்தவர்கள், பிள்ளை லெஸ்ஸை மோர் என்று புரிந்துகொள்ளவில்லை, பொருள் பிடிபடாத சொல்லைக் கேட்டால் நிறைய இருக்கும் பக்கம் கை போவது இயல்பு என்று மறுத்தும் இருக்கிறார்கள். எனக்கு இரண்டாவது பேச்சுதான் சரியாகப் பட்டது, ஏனென்றால் அதே கிண்ணங்களைக் காட்டி எதில் கம்மி என்று கேட்டபோது ஒரு நொடி யோசிக்காமல் சரியாகக் காட்டினாள். பொருள் தமிழில் ஏற்கெனவே உள்ளே இருக்கிறது, ஆங்கிலச் சொல்தான் இன்னும் அதோடு ஒட்டவில்லை. அதிலிருந்து புதுச் சொல் எதுவானாலும் முதலில் தமிழில் கேட்டுவிட்டுத்தான் ஆங்கிலத்துக்குப் போகிறேன். வீட்டில் ஆங்கிலம் மட்டுமே பேசுங்கள் என்று பள்ளியில் சொன்னதை அன்றோடு விட்டுவிட்டேன்.

தமிழில் இதற்குப் பஞ்சமே இல்லை. ஆச்சி பேச ஆரம்பித்தால் மேடு பள்ளம், நல்லது கெட்டது, கூடக்குறைய, முன்னப்பின்ன, கொடுக்கல் வாங்கல், ஏற்ற இறக்கம் என்று ஜோடி ஜோடியாகத்தான் விழும். போக்குவரத்து என்ற சொல்லுக்குள்ளேயே போவதும் வருவதும் இருக்கிறது, அதைப் பிரித்துக் காட்டினபோது எனக்கே புதிதாக இருந்தது. கோ, கம் அன்று ஒட்டிக்கொண்டது. கொஞ்சம் அதிகமாகவே ஒட்டிக்கொண்டது, ஸ்கூலுக்குக் கிளம்பும்போது போயிட்டு வரேன் என்பதை கோ அண்ட் கம் என்று இன்றைக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

ஒரு சொல்லுக்கு இரண்டு எதிர்ச்சொல் வரும் இடத்தில் டப்பா சுத்தமாகக் கை விட்டுவிடும். ஓல்டுக்கு நியூ என்று கிழிந்த செருப்பும் புதுச் செருப்பும் போட்டிருக்கிறார்கள். ஒரு நாள் ஆச்சி ஓல்டு என்று நான் சொல்லப்போக, அப்போ நியூ ஆச்சி எப்போ வரும் என்று ஆச்சியிடமே போய்க் கேட்டுவிட்டாள். ஏட்டி, அதுக்குள்ளயா என்னை மாத்தப் போற என்று ஆச்சி சிரித்துத் தீர்த்துவிட்டார்கள், நல்லவேளை. தமிழில் இந்தக் குழப்பமே வராது, செருப்பு பழசு, ஆச்சிக்கு வயசாகிவிட்டது, இரண்டும் வேறு வேறு சொல். அதனால் இப்போது ஓல்டு வந்தால் பழசா வயசானதா என்று கேட்பேன், அவளே நியூவா யங்கா என்று பிடித்துவிடுவாள். லைட்டும் அப்படித்தான், வெளிச்சம் என்றால் டார்க், கனமில்லை என்றால் ஹெவி. ஷார்ட்டுக்கு ஆளென்றால் டால், பென்சிலென்றால் லாங். தலைகீழாகவும் வரும், கெட்டி மாவும் தடியான ஊத்தப்பமும் நமக்கு வேறு, ஆங்கிலத்தில் இரண்டும் திக். ரைட்டுக்கு லெஃப்ட், ராங் என்று இரண்டு. எங்கள் வீட்டில் பீச்சாங்கையால் எதையாவது நீட்டினால் ஆச்சி திட்டுவார்கள், ஆக இரண்டும் ஒன்றுதானே என்பது என் மகளின் கட்சி. இன்னும் முடிவு சொல்லவில்லை.

டீப், ஷாலோ படித்தது குறுக்குத்துறை படித்துறையில். தாமிரபரணியில் கணுக்கால் நனைகிற படி ஷாலோ, அப்பா கழுத்தளவு நிற்கிற இடம் டீப். ஷாலோவுக்கு வாயில் வருகிற மாதிரி ஒற்றைத் தமிழ்ச் சொல் எனக்குக் கிடைக்கவில்லை, ஆழம் கம்மி என்றுதான் சொன்னேன், போதுமானதாக இருந்தது. புஷ், புல் மட்டும் இன்றுவரை சிக்கல். கடைக் கதவில் புல் என்று படித்துக் காட்டினால் ஆடு திங்கிற புல்லா என்கிறாள், டம்ளர் நிறைந்தாலும் அவள் வாயில் அது புல்தான், ஃபுல் வருவதில்லை.

டப்பாவில் இருந்து நான்கு ஜோடிகளை எடுத்துப் பரணில் போட்டுவிட்டேன். ஃபேட், தின் அட்டையில் ஆள் படம், அதைப் பார்த்துவிட்டு ஒரு கல்யாண வீட்டில் இவள் சத்தமாக ஃபேட் அத்தை என்றது போதும். ரிச், புவர் அட்டையில் கிழிந்த சட்டை போட்ட பையன். பியூட்டிஃபுல், அக்லி அட்டையில் வெள்ளைப் பெண்ணும் கருத்த பெண்ணும், எங்கள் வீட்டில் நாங்கள் எல்லோருமே கருப்புதான். 2020 ஜூனில் மேற்கு வங்கத்தில் யூ ஃபார் அக்லி என்று கருத்த முகம் போட்ட புத்தகத்தை வைத்துப் பாடம் நடத்திய இரண்டு ஆசிரியைகளைப் பணியிடைநீக்கம் செய்தார்கள், அதற்குப் பிறகும் இப்படி அச்சடித்து விற்கிறார்கள். நான்காவது பாய், கேர்ள். அது எதிர்ச்சொல்லே இல்லை, ஆண்பால் பெண்பால். அப்பாவுக்கு ஆப்போசிட் அம்மாவா என்று கேட்டாள், சில நாட்களில் ஆமாம் என்று சொல்லியிருப்பேன்.

பள்ளியில் ஒரு தடவை பிக்குக்கு லிட்டில் என்று சொன்னதற்குத் தப்பு போட்டுவிட்டார்கள், ஸ்மால்தான் சரியாம். போய்க் கேட்டால், புக்ல அப்படித்தான் மேடம் இருக்கு. பிக் அண்ட் லிட்டில் என்று ஆங்கிலம் பேசுகிறவர்களே சேர்த்துச் சொல்லும் ஜோடி அது. மார்க் போனது பெரிதில்லை, அன்று சாயங்காலம் முழுக்க எதைக் கேட்டாலும் வாயைத் திறக்கவில்லை.

நாலரை வயதில் போன் அன்லாக் ஆவதைப் பார்த்து அன்ஹாட், அன்ஓபன் என்று தானாகச் செய்ய ஆரம்பித்தாள். நான் திருத்தவில்லை. சுத்தம் அசுத்தம், நீதி அநீதி என்று தமிழிலும் முன்னால் ஒரு எழுத்து சேர்ந்து மாறுவது உண்டே, அந்தச் சூட்சுமம் அவளுக்குப் பிடிபட்டுவிட்டது என்று சந்தோஷம்தான். அன்ஹாட் இப்போது தானாகவே போய்விட்டது.

வாங்கலாமா என்றால், நான்கு வயதுக்கு முன்னால் வேண்டாம். பொருள் தெரிந்த பிள்ளைக்கு விளையாட நன்றாகத்தான் இருக்கும், அதுவும் ஓரம் நேராக இருக்கிற அட்டையாகப் பார்த்து வாங்குங்கள். ஒரே நாளில் ஜோடியாகச் சொல்லிக் கொடுக்காதீர்கள், ஹெவியை ஒரு வாரம் தூக்கட்டும், அப்புறம் லைட். அட்டையின் தரம் பரவாயில்லை, மேல் பிளாஸ்டிக் ஒரு வருஷத்தில் உரிந்தது. இப்போது தம்பி மகனுக்கு எடுத்து வைத்திருக்கிறேன், எண்ணிப் பார்த்தால் 49 அட்டைதான் இருக்கின்றன. ஹாட் அட்டையை மட்டும் கொடுக்க முடியாது, என் காபி டம்ளருக்கு அடியில் கிடந்து கிடந்து படமே தெரியாமல் வட்ட வட்டமாகக் கறை பிடித்துவிட்டது.