ஜெல் பிளாஸ்டர் வாங்கும் முன் நாசில் கிடைக்குமா என்று கேளுங்கள்

அடிலெய்டிலிருந்து குயின்ஸ்லாந்தின் பிரிஸ்பேனுக்கு வீடு மாறி வந்த நண்பர் ஒருவர் போன வாரம் கேட்டார்: "அண்ணா, இங்கேதான் ஜெல் பிளாஸ்டர் வச்சுக்கலாமே, எதை வாங்கட்டும்?" ஜெல் பிளாஸ்டர் என்றால் தண்ணீரில் ஊறிய ஜெல் உருண்டைகளைச் சுடும் விளையாட்டுத் துப்பாக்கி. அவர் ஆசையாகக் கேட்டதற்குக் காரணம் இருக்கிறது. அவர் இருந்த தெற்கு ஆஸ்திரேலியாவில் 2020 அக்டோபரிலிருந்து இது நிஜத் துப்பாக்கிகளின் கணக்கில் சேர்ந்துவிட்டது. மேற்கு ஆஸ்திரேலியா 2021-ல் தடையே போட்டுவிட்டது. உரிமம் இல்லாமல் வைத்துக்கொள்ளலாம் என்றால் அது குயின்ஸ்லாந்துதான். இங்கேயும் 2021 பிப்ரவரியிலிருந்து சில விதிகள் உண்டு. வைத்திருக்கத் தகுந்த காரணம் வேண்டும், கிளப் உறுப்பினராக இருப்பது அதில் ஒன்று. ஆடாத நேரத்தில் பத்திரமாக வைக்க வேண்டும். வெளியே கொண்டுபோகும்போது யார் கண்ணிலும் படக் கூடாது. நான் கிளப் அட்டையைப் பையிலேயே வைத்திருக்கிறேன், பை காரின் டிக்கியில். இதில் அலட்சியம் காட்டுகிறவர்களால்தான் மற்ற மாநிலங்களில் இந்த விளையாட்டே போனது என்பது என் எண்ணம்.

சரி, எதை வாங்குவது? எவ்வளவு தூரம் போகும், நொடிக்கு எத்தனை சுடும் என்பதையெல்லாம் கடைக்காரரே சொல்லிவிடுவார். அவர் சொல்லாதது ஒன்று இருக்கிறது. வாங்கி ஒன்றிரண்டு சீசன் ஆன பிறகுதான் அது தெரியவரும். நாசில், அதாவது உள்ளே ஜெல்லைக் குழலுக்குள் தள்ளுகிற சின்னப் பிளாஸ்டிக் குழாய்.

என்னிடம் இரண்டு இருக்கின்றன. ஒன்று ஜின்மிங் நிறுவனத்தின் ஜென் 8. நைலான் உடல், ஜெல் நிரப்பும் மேகசினுக்குள்ளேயே சின்ன மோட்டார், குயின்ஸ்லாந்தில் பாதிப் பேர் இதில்தான் ஆரம்பித்திருப்பார்கள். இன்னொன்று அமெரிக்க ராணுவத்தின் எம்4 துப்பாக்கி வடிவத்தில், உலோக வி2 கியர்பாக்ஸ் (பல்சக்கரம், பிஸ்டன் எல்லாம் இருக்கும் பெட்டி) போட்டது. அதன் பெயரை எழுதவில்லை, அந்த மாடல் இப்போது வருவதும் இல்லை. விலை ஜென் 8-ஐவிட ரொம்பவே அதிகம். எனக்குப் பிடித்தது அதுதான், என் கோபமெல்லாமும் அதன் மேல்தான்.

கோபம் புரிய வேண்டுமானால் உள்ளே நடப்பதைச் சொல்ல வேண்டும். விசையை அழுத்தினால் மோட்டார் மூன்று பல்சக்கரங்களைச் சுழற்றும். கடைசிச் சக்கரம் பிஸ்டனைப் பின்னால் இழுத்து ஸ்பிரிங்கை அமுக்கும். அதே சக்கரத்தில் இருக்கும் ஒரு முளை டேப்பெட் பிளேட் என்ற தகட்டையும் இழுக்கும். அந்த பிளேட்டின் முனையில்தான் நாசில் மாட்டியிருக்கிறது. நாசில் பின்வாங்கும் அந்த ஒரு கணத்தில் மேகசினிலிருந்து ஒரு ஜெல் உருண்டை டி-பீஸ் என்கிற டி வடிவ இணைப்புக்குள் ஏறும். நாசில் திரும்ப முன்னால் வந்து உருண்டையைக் குழலுக்குள் தள்ளி, வாயை அடைத்து நிற்கும். பிஸ்டன் விடுபட்டு அடிக்கிற காற்று அதன் வழியாகப் போய் ஜெல்லைக் கொண்டுபோகும். ஆக, நாசில் ஒரு துளி குட்டையாக இருந்தால் காற்று பக்கவாட்டில் கசிந்து, ஜெல் காலடியில் விழும். ஒரு துளி நீளமாக இருந்தால் அடுத்த ஜெல் ஏற வழி இருக்காது, பாதி ஏறி நறுக்கப்படும். குழல் முனையில் கூழ் வழிந்தால் அநேகமாக இதுதான் காரணம்.

கடைகளில் "வி2 கியர்பாக்ஸ், எல்லா உதிரியும் கிடைக்கும்" என்பார்கள். பாதி உண்மை. வி2 என்பது ஜப்பானின் டோக்கியோ மாருய் நிறுவனம், பிளாஸ்டிக் குண்டு சுடும் ஏர்சாஃப்ட் துப்பாக்கிகளுக்காகக் கொண்டுவந்த அமைப்பின் வழியில் வந்த அளவு. அதனால் பல்சக்கரம், பிஸ்டன், ஸ்பிரிங், மோட்டார் எல்லாம் பெரும்பாலும் ஒன்றுக்கொன்று பொருந்தும். ஆனால் ஜெல் உருண்டை ஏழு, எட்டு மில்லிமீட்டர். ஏர்சாஃப்ட் குண்டோ 6 மில்லிமீட்டர். முன்பக்கம் முழுவதையும் ஜெல்லுக்காகப் புதிதாகச் செய்தாக வேண்டும். அங்கேதான் ஒவ்வொரு சீனத் தயாரிப்பாளரும் தன் இஷ்டத்துக்கு ஒரு நீளம் வைத்திருக்கிறார். நாசில், டி-பீஸ், பிஸ்டன் ஓடும் சிலிண்டரின் முன்மூடியான சிலிண்டர் தலை மூன்றும் அவரவர் அளவு. உடைவது பல்சக்கரம் என்று எல்லோரும் பயப்படுகிறார்கள். என் கையில் தேய்ந்தது நாசிலின் உதடு.

தேய்ந்தபோது வாங்கிய கடைக்கே போனேன். "அந்த மாடல் நின்னுடுச்சு, புதுசு வந்திருக்கு பாக்கறீங்களா?" என்றார்கள். இத்தனை டாலர் கொடுத்து வாங்கிய பொருளுக்கு ஒரு விரல்கணு நீளப் பிளாஸ்டிக் துண்டு கொடுக்க முடியாதவர்கள் எதற்கு விற்கிறார்கள்? இன்னொரு இடத்தில் இணையத்தில் "பொருந்தும்" என்று போட்டிருந்ததை வரவழைத்தேன். வெர்னியர் அளவுகோலில் வைத்துப் பார்த்தால் பழையதைவிட அரை மில்லிமீட்டர் குட்டை. மாட்டினேன். சத்தம் பிரமாதம், ஜெல் மட்டும் பத்தடி தாண்டவில்லை. அதற்கு அடுத்தது நீளம் சரி, பிளேட் பிடிக்கிற பள்ளத்தின் அகலம் வேறு. டேப்பெட் பிளேட்டில் உட்காரவே இல்லை. ஒவ்வொரு முறையும் கியர்பாக்ஸைத் திறந்து, ஸ்பிரிங் துள்ளி ஓடாமல் ஸ்க்ரூடிரைவரை உள்ளே விட்டுப் பிடித்து, பல்சக்கரங்களுக்கு அடியில் போடும் மெல்லிய வளையங்களான ஷிம்கள் இருந்த வரிசையைப் படம் எடுத்துவைத்து, திரும்ப மூடி, அப்புறம் வீட்டுக்குப் பின்னால் நின்று சுட்டுப் பார்க்க வேண்டும். ஒரு சாயங்காலமே போய்விடும். சீனாவிலிருந்து நேரே வரவழைக்கலாமே என்பார்கள். ஏர்சாஃப்டுக்கு ஆஸ்திரேலியாவின் பெரும்பாலான பகுதிகளில் இடமில்லை, அதைப் போலவே இருக்கும் உதிரியைப் பார்த்துச் சுங்கத்தில் என்ன நினைப்பார்களோ என்ற கவலை வேண்டாம் என்று உள்ளூரிலேயே தேடினேன்.

கடைசியில் தொழிற்பேட்டைச் சந்து ஒன்றில், பழுது பார்ப்பதையே முக்கிய வேலையாக வைத்திருக்கும் ஒரு பெரியவரிடம் கிடைத்தது. என் பழைய நாசிலைக் கையில் வாங்கியவர் மாடல் பெயரைக் கேட்கவே இல்லை. வெர்னியரில் நீளம், உள்விட்டம், பள்ளத்தின் அகலம் மூன்றையும் அளந்தார். இழுப்பறையைத் திறந்தார். சின்னச் சின்னக் கட்டங்களில் நாசில்கள், ஒவ்வொன்றின் மேலும் மார்க்கர் பேனாவில் நீளம். பெயர் ஒன்றில்கூட இல்லை. இரண்டை எடுத்துத் தந்து, சிலிண்டர் தலையில் இருந்த ரப்பர் வளையமான ஓ-ரிங்கையும் மாற்றச் சொல்லி, சிலிகான் கிரீஸ் மட்டும் தடவு, வேறு எண்ணெய் தொடாதே என்றார். மாட்டிய அன்று முதல் குண்டே இலக்கில் பட்டது. எனக்கு அன்று வந்த சந்தோஷம் புதிதாக வாங்கிய நாளில்கூட வரவில்லை.

நியாயத்தைச் சொல்ல வேண்டும். அந்த உலோக இயந்திரத்தில் வேறு எதுவும் என்னைக் கைவிடவில்லை. பல்சக்கரங்களைத் திறந்த ஒவ்வொரு முறையும் பார்த்தேன், ஒரு பல்கூட மழுங்கவில்லை. மோட்டார் சூடாவதில்லை. பிடி கையில் கெட்டியாக உட்காரும். வேகமாகத் திரும்பும்போது அந்த எடையே ஒரு நிதானத்தைத் தருகிறது.

உதிரிபாகமே வாங்காமல் தீர்க்கக்கூடிய தொல்லைகளும் இருக்கின்றன, அதில் முதலாவது தண்ணீர். ஜெல் உருண்டை என்பது சோடியம் பாலிஅக்ரிலேட், குழந்தைகளின் டயப்பரில் ஈரத்தை இழுக்கிற அதே சரக்கு. தண்ணீரில் உப்பும் தாதுவும் எவ்வளவு அதிகமோ உருண்டை அவ்வளவு குறைவாக ஊதும். இங்கே பல வீடுகளில் மழைநீர்த் தொட்டி இருக்கிறது. அந்தத் தண்ணீரில் ஊறவைத்தால் குழாய்த் தண்ணீரைவிடப் பெரிதாக உப்பி, டி-பீஸில் இறுகி உடையும். எனவே எப்போதும் ஒரே தண்ணீர், ஒரே நேரம். நான் குழாய்த் தண்ணீரில் நாலு மணி நேரம் ஊறவிட்டு, சல்லடையில் நன்றாக வடிகட்டித்தான் மேகசினில் போடுகிறேன். ஈரத்தோடு போட்டால் அந்தத் தண்ணீர் மேகசின் மோட்டாரின் பித்தளைத் தொடுமுனைகளில் இறங்கிப் பச்சை பிடிக்கும். "மேகசின் செத்துப்போச்சு" என்று புதிது வாங்குகிறவர்கள் முதலில் ஒரு பழைய டூத்பிரஷ்ஷால் அந்த முனைகளைத் தேய்த்துப் பார்க்கட்டும். ஆட்டம் முடிந்ததும் மிச்ச ஜெல்லைக் கொட்டிவிட வேண்டும், உள்ளே விட்டால் சுருங்கிக் கல்லாகி ஒட்டிக்கொள்ளும்.

பேட்டரி பற்றி ஒரு வரி. நைலான் பல்சக்கரம் உள்ளதில் 11.1 வோல்ட் லைப்போ (லித்தியம் பாலிமர் பேட்டரி) போடாதீர்கள். வேகம் கூடும், பல் போகும். கண்ணாடி பற்றி இன்னொரு வரி. முகத்தோடு ஒட்டி மூடுகிற, ஏஎன்எஸ்ஐ இசட்87.1 என்ற அமெரிக்கப் பாதுகாப்புத் தரம் உள்ள கண்ணாடி இல்லாமல் யாரையும் என் எதிரில் நிற்க விடமாட்டேன், அது குழந்தையானாலும் சரி, குழுத் தலைவரானாலும் சரி.

நண்பருக்கு நான் சொன்னது ஜென் 8. நாசில், டி-பீஸ், உலோகப் பல்சக்கரம், மேகசின் என்று அதற்கு எதைக் கேட்டாலும் ஏதாவது ஒரு கடையில் தொங்கிக்கொண்டிருக்கும். அதே நிறுவனத்தின் ஜென் 9-க்கு வருகிற உள்பாகங்கள் பலவும் பொருந்தும். வேறு எதை வாங்கினாலும் வாங்குகிற அன்றே இரண்டு நாசில், ஒரு டி-பீஸ், ஒரு டேப்பெட் பிளேட் கூடவே வாங்கிவிட வேண்டும். அவை கடையில் இல்லை என்றால் அந்த மாடலைத் தொடவே வேண்டாம். உதிரி கிடைக்காத இயந்திரத்தை யாருக்கும் பரிந்துரைக்க எனக்கு மனசு வராது.

ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்துக்கு நான் தூக்கிக்கொண்டு போவது அந்த உலோக எம்4-ஐத்தான். ஜென் 8 பெரும்பாலும் அலமாரியில்தான் கிடக்கிறது. பெரியவர் கொடுத்த இரண்டில் ஒன்று உள்ளே ஓடுகிறது, மற்றது டப்பாவில் பத்திரமாக இருக்கிறது. அதுவும் தேய்ந்த பிறகு என்ன செய்வது என்ற யோசனை இப்போதே வந்துவிட்டது. பிரிஸ்பேன் பக்கம் யாரிடமாவது வி2 போட்ட பழைய எம்4 பழுதாகிக் கிடந்தால் சொல்லுங்கள். மோட்டார் எரிந்திருந்தாலும் பரவாயில்லை. நாசிலைக் கழற்றி அளந்து பார்ப்பேன், நீளம் ஒத்துவந்தால் விலை பேசிக்கொள்ளலாம்.