திருகோணமலை இலவசக் கண் முகாம்: அம்மாவைக் கூட்டிப்போன அனுபவம்

எங்கள் ஊரில் ஒரு சேவைக் கழகம் நடத்துகிற இலவசக் கண் முகாமுக்கு வயதானவர்களை நம்பிக் கூட்டிப்போகலாமா என்று இந்த மாதம் மட்டும் நாலு பேர் என்னிடம் கேட்டுவிட்டார்கள். போகலாம். தயங்காமல் போகலாம். ஆனால் அதே கழகம் செய்கிற எல்லா வேலையும் இந்தத் தரத்தில் இல்லை, அதையும் சொல்லத்தான் வேண்டும். குறையும் எழுதப்போவதால் கழகத்தின் பெயரைப் போடவில்லை.

அம்மாவுக்கு 71 வயது, சீனி வருத்தமும் இருக்கிறது. வலது கண்ணில் படலம் விழத் தொடங்கி இரண்டு வருடமாவது இருக்கும், ஆனால் ஆள் வாய் திறக்கவில்லை. அரிசியில் கல் பொறுக்குவதைக்கூட விரலால் தடவித்தான் செய்திருக்கிறார். ஒரு வெள்ளிக்கிழமை கோணேசர் கோயிலுக்குப் போகும்போது, கோட்டைக்குள் நின்ற மானைப் பார்த்து "இதென்ன, ஆட்டைக் கட்டாமல் விட்டிருக்காங்க" என்றார். அப்போதுதான் எனக்கு விளங்கியது. அரச வைத்தியசாலையிலும் படலம் எடுக்கிற சத்திரசிகிச்சை இலவசம்தான். காசு பிரச்சினை இல்லை. அம்மாவுக்குப் பயம், எனக்கு லீவு இல்லை, கூட்டிக்கொண்டு அலைய வேறு ஆளும் இல்லை, இப்படியே நாள் போய்விட்டது. வயதான நிறையப் பேருக்கு நடப்பது இதுதான் என்று அங்கே போய்க் கதைத்தபோது தெரிந்தது.

கச்சான் காற்று புழுதியை வாரி இறைத்துக்கொண்டிருந்த ஒரு காலையில் உப்புவெளியில் இருந்து ஓட்டோவில் போனோம். ஏழு மணிக்கே மண்டபம் நிறைந்துவிட்டது. மூதூர், குச்சவெளி, தம்பலகாமம் என்று எல்லாப் பக்கத்துச் சனமும் வந்திருந்தது. ஆனால் யாரையும் வெயிலில் நிற்க விடவில்லை. இலக்கத் துண்டு கொடுத்துக் கதிரையில் இருத்தினார்கள். தமிழிலும் சிங்களத்திலும் கூப்பிட்டார்கள், காது கேட்காதவர்களைப் பக்கத்தில் வந்து கையைப் பிடித்துக் கூட்டிப்போனார்கள். அம்மாவுக்குப் பக்கத்தில் கிண்ணியாவில் இருந்து வந்த ராத்தா ஒருவர் இருந்தார். "2009இல் பாலம் போட்டதால இப்ப பஸ்ல ஏறி வந்துட்டேன் அக்கா, முந்தி மாதிரி பாதைப் படகுக்குக் காத்துக் கிடந்திருந்தா நான் வெளிக்கிட்டே இருக்க மாட்டேன்" என்று அம்மாவோடு கதை தொடங்கியவர், மத்தியானம் வரை விடவில்லை.

எனக்கு நம்பிக்கை வந்த இடம் ஒன்று இருக்கிறது. பார்வையைச் சோதித்து, கண் அழுத்தம் பார்த்து, கடைசியில் விரல் நுனியில் குத்திச் சீனி பார்த்தபோது அம்மாவுக்கு 238. "இப்ப திகதி தர மாட்டோம் அம்மா, முதல்ல சீனியைக் குறைச்சிட்டு வாங்கோ" என்று அங்கிருந்த டொக்டர் சொல்லிவிட்டார். அம்மாவுக்கு முகம் வாடிவிட்டது, எனக்கும் ஒரு நாள் லீவு வீணாகிவிட்டதே என்று எரிச்சல்தான். யோசித்துப் பார்த்தால், சீனி கூடின நேரத்தில் கண்ணை வெட்டினால் கிருமி தொற்றுகிற ஆபத்து கூட. எண்ணிக்கை காட்டுவதற்கு நடத்துகிற முகாம் என்றால் அன்றைக்கே பெயரை எழுதியிருப்பார்கள். இரண்டு கிழமை கழித்துக் கழகத்துத் தங்கச்சி ஒருத்தி தொலைபேசி எடுத்து, "அம்மாட சீனி இப்ப எவ்வளவு, குளிசை ஒழுங்காப் போடுறாவா?" என்று கேட்டாள். மூன்றாவது முறை எடுத்தபோதுதான் திகதி கிடைத்தது.

அதற்குப் பிறகு எல்லாம் சுருக்காக நடந்தது. கண்ணின் நீளத்தை அளந்து, அதற்கேற்ற பவரில் செயற்கை வில்லை தெரிவு செய்தார்கள். ஒரு காலை வான் வந்து ஏற்றிப்போனது. கண்ணைச் சுற்றி மட்டும் விறைக்கச் செய்து இருபது நிமிடத்தில் முடித்துவிட்டார்கள் என்று அம்மா சொன்னார், அடுத்த நாள் கட்டை அவிழ்த்துப் பார்த்துவிட்டு வீட்டு வாசலில் கொண்டுவந்து இறக்கினார்கள். சொட்டு மருந்துப் போத்தல் இரண்டு, கறுப்புக் கண்ணாடி ஒன்று, கூடவே ஒரு அட்டை. அந்த அட்டையை இன்னும் வைத்திருக்கிறேன். எழுத்து வாசிக்கத் தெரியாதவர்களுக்காக அரைச் சூரியன், முழுச் சூரியன், மறுபடி அரைச் சூரியன், நிலா என்று கையால் கீறி, ஒவ்வொன்றுக்கும் கீழே ஒரு துளி வரைந்திருந்தார்கள். போட்டு முடித்த நேரத்துக்குப் புள்ளடி போட வேண்டும். ஆறு கிழமையும் அம்மா ஒரு புள்ளடி தவறவிடவில்லை. முதல் கிழமை முடிவிலும் ஆறாவது கிழமையிலும் திரும்பக் கூப்பிட்டுப் பார்த்தார்கள். ஒரு சதம் வாங்கவில்லை.

இனிக் குறை. சிறுநீரக வருத்தம் பரவியிருக்கிற ஒரு கிராமத்துப் பாடசாலைக்கு இதே கழகம் தண்ணீர் சுத்திகரிக்கிற ஆர்.ஓ. இயந்திரம் ஒன்று கொடுத்திருந்தது. என் மச்சாள் அங்கேதான் படிப்பிக்கிறாள். வடிகட்டிகளை மாற்ற வேண்டிய காலம் வந்தபோது அது யாருடைய பொறுப்பு என்று யாருக்கும் தெரியவில்லை, பாடசாலையிடம் காசும் இல்லை. இயந்திரம் நின்று எட்டு மாதம், பிள்ளைகள் திரும்பக் கிணற்றுத் தண்ணீர்தான் குடிக்கிறார்கள். அங்கே புத்தகப்பை கொடுத்த நாளில் படம் எடுப்பதற்காகச் சின்னப் பிள்ளைகளை ஒன்றரை மணித்தியாலம் வெயிலில் நிற்க வைத்ததையும் அவள் சொன்னாள். கேட்டபோது எனக்கு மனம் கொதித்தது. கண் முகாமில் மூன்று முறை தொலைபேசி எடுக்கத் தெரிந்தவர்களுக்கு அந்தப் பாடசாலைக்கு ஒரு முறை எடுக்க முடியாதா? தலைவருக்கு இதைக் கடிதமாகவே கொடுத்திருக்கிறேன். பார்ப்போம்.

வெளிநாட்டு உதவி பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் முகாமிலேயே அது கதையாகிவிட்டது. வாசலில் போலியோ ஒழிப்புக்கு ஒரு உண்டியல் வைத்திருந்தார்கள். "இங்க சனம் பால்மாவுக்கே அல்லாடுது, பாகிஸ்தானுக்கு எதுக்குக் காசு?" என்று ஒரு ஐயா சத்தமாகவே கேட்டார். நியாயமான கேள்விதான், கோபத்திலும் பிழை இல்லை. ஆனால் நான் அவரோடு ஒத்துப்போகவில்லை. உலகமெல்லாம் கழகங்கள் வைத்திருக்கிற றோட்டரி என்கிற சேவை அமைப்பு இந்தப் போலியோ வேலையை 1985இல் தொடங்கியது. 1988இல் உலகத்தில் வருடத்துக்கு 350,000 பிள்ளைகள் வரை முடமானார்கள். இன்றைக்கு இயற்கையான வைரஸ் நிலையாகத் தங்கியிருப்பது பாகிஸ்தானிலும் ஆப்கானிஸ்தானிலும் மட்டும்தான். இலங்கையில் 1993க்குப் பிறகு ஒரு பிள்ளைக்கும் வரவில்லை. சண்டைக் காலத்திலும் சொட்டு மருந்து போடுகிற நாளுக்கென்று இரண்டு பக்கமும் துவக்கைக் கீழே வைத்தது வயதானவர்களுக்கு ஞாபகம் இருக்கும். அந்த இரண்டு நாட்டிலும் போலியோ முற்றாகப் போகும்வரை இங்கேயும் சொட்டு மருந்தை நிறுத்த முடியாது.

இன்னொன்று, 2004 டிசம்பர் 26. இங்கிலாந்தில் கோர்ன்வோல் பக்கம் ஹெல்ஸ்டன் என்று ஒரு சின்ன ஊர். அங்கே 2000இல் ஒரு றோட்டரிக் கழகம் தொடங்கியதுதான் ஷெல்டர்பொக்ஸ். ஒரு குடும்பத்துக்குத் தேவையான கூடாரம், போர்வை, சமையல் சாமான் எல்லாவற்றையும் ஒரு பச்சைப் பெட்டிக்குள் அடைத்து அனுப்புவார்கள். சுனாமிக்குப் பிறகு அந்தப் பெட்டிகள் இலங்கைக்கும் வந்தன. அந்த ஊர்ச் சனத்துக்கு அன்றைக்கு நாங்கள்தான் வெளிநாடு. கண் விஷயத்தில் எங்கள் நாடு எவ்வளவு கொடுத்திருக்கிறது என்பதையும் மறக்கக்கூடாது. வைத்தியர் ஹட்சன் சில்வா 1961இல் தொடங்கிய கண் தான சங்கம் 1964இலேயே சிங்கப்பூருக்குக் கருவிழி அனுப்பியது. பாகிஸ்தானுக்கும் ஏராளமாகப் போயிருக்கின்றன. அம்மாவிடம் இதைச் சொன்னதும், முந்தானையில் முடிந்து வைத்திருந்த ஐந்நூறு ரூபாயை அவிழ்த்து உண்டியலில் போட்டுவிட்டார். ஓட்டோவுக்கு நான்தான் கொடுத்தேன்.

போகிறவர்களுக்கு: அடையாள அட்டையும் கிளினிக் கொப்பியும் கட்டாயம். போடுகிற குளிசைகளை உறையோடு கொண்டுபோங்கள், பெயர் சொல்லத் தெரியாவிட்டால் அங்கே பார்த்து எழுதுவார்கள். சீனி வருத்தம் உள்ளவர்கள் முதலே சோதித்து, கூட இருந்தால் டொக்டரிடம் காட்டிக் குறைத்துக்கொண்டு போனால் என்னைப் போல ஒரு நாள் வீணாகாது. பிளேன்ரீயும் பனிஸும் தருவார்கள், ஆனால் மத்தியானச் சாப்பாடு கட்டிக்கொண்டு போவது நல்லது.

இடது கண்ணுக்கு அம்மாவுக்குத் தை மாதம் திகதி தந்திருக்கிறார்கள். கிண்ணியா ராத்தாவுக்கும் அதே நாள்தானாம், நேற்று அவரே தொலைபேசி எடுத்துச் சொன்னார், வானில் அம்மாவுக்குப் பக்கத்து இடம் தனக்கு என்று.